ஜனவரியில் போய், பள்ளி திறப்பதற்குள் திரும்பி வாருங்கள்

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 32 வயது. மதுரை திருநகரில் இருக்கிறோம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு ஒப்பந்த அடிப்படையில் வீட்டிலிருந்தே இணையதள வேலை செய்கிறேன். மூன்று வருடமாக மாதம் 2,600 டாலர் வருகிறது. கணவர் மாசி வீதிப் பக்கம் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருக்கிறார். மகள் யுகேஜி படிக்கிறாள். அம்மா எங்களோடு இருக்கிறார், அவருக்குச் சர்க்கரை உண்டு. சேமிப்பு 6 லட்சம். கொஞ்ச காலம் வெளிநாட்டில் இருந்து வேலை பார்க்க எனக்கு ரொம்ப நாள் ஆசை. போர்ச்சுகலுக்கு டிஜிட்டல் நோமாட் விசா (அங்கே தங்கி, வேறு நாட்டு நிறுவனத்துக்கு இணையத்தில் வேலை பார்ப்பவர்களுக்கானது) வாங்கித் தர ஒரு ஏஜென்ட் மூன்றரை லட்சம் கேட்கிறார். வருமானம் குறைந்தாலும் பேங்கில் பணம் காட்டித் தருவாராம். தோழி ஒருத்தி, டூரிஸ்ட் விசாவில் போய் லேப்டாப்பைத் திற, யார் கேட்கப் போகிறார்கள் என்கிறாள். அதே ஏஜென்ட் என் தம்பிக்குத் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, டிக்கெட்டும் விசாவும் இலவசம் என்கிறார். நாங்கள் என்ன செய்யலாம்?

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் எழுதியதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். தம்பியை அனுப்பாதீர்கள். இதை மேற்கொண்டு படிப்பதற்கு முன் அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். பாஸ்போர்ட்டை அந்த ஏஜென்டிடம் கொடுத்திருந்தால் இன்றைக்கே போய்த் திரும்ப வாங்கி வரச் சொல்லுங்கள்.

தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, டிக்கெட் இலவசம் என்ற இதே பேச்சை நம்பித் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர் 2022இல் போனார்கள். பாங்காக்கில் இறங்கியதும் வண்டியில் ஏற்றி மே சோட் என்ற எல்லை ஊருக்குக் கொண்டுபோவார்கள். அங்கிருந்து மோய் ஆற்றைத் தாண்டினால் மியான்மரின் மியாவாடி. பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, இணையத்தில் ஆட்களை ஏமாற்றிப் பணம் பறிக்கும் வேலையில் உட்கார வைப்பார்கள். மறுத்தால் அடி. 2025 மார்ச்சில் இந்திய அரசு விமானப்படை விமானங்களை அனுப்பி இரண்டே நாளில் 549 பேரை அங்கிருந்து மீட்டு வந்தது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். இமைக்ரேட் தளத்தில் அந்தப் பட்டியல் இருக்கிறது, ஏஜென்ட் பெயரை அதில் தேடிப் பாருங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் தமிழக அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறையைக் கேட்கலாம். ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். வேலை கொடுப்பவர் யாரென்று தெரியாமல் இலவச டிக்கெட் வந்தால், அதில் ஏறவே கூடாது.

சரி, இனி உங்கள் விஷயம்.

ஏஜென்ட் சொல்லும் போர்ச்சுகல் டிஜிட்டல் நோமாட் விசாவுக்கு டி8 என்று பெயர், 2022 அக்டோபர் கடைசியில் வந்தது. அந்த நாட்டின் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல நான்கு மடங்கு மாத வருமானம் காட்ட வேண்டும். 2025இல் குறைந்தபட்ச ஊதியம் 870 யூரோ, ஆக 3,480 யூரோ. அந்த ஊதியத்தை ஆண்டுக்கு ஆண்டு உயர்த்துகிறார்கள், அதனால் இந்த வரம்பும் கூடவே ஏறும். உங்கள் 2,600 டாலர் அதற்கு எட்டாது. ஸ்பெயினில் 2025 கணக்குப்படி சுமார் 2,760 யூரோ, கணவரையும் குழந்தையையும் சேர்த்தால் அதற்கு மேல். துபாய் இருக்கும் ஐக்கிய அமீரகத்தின் விசாவுக்கு மாதம் 3,500 டாலர். இந்தோனேசியாவுக்கு வருடம் 60,000 டாலர். ஜப்பானும் 2024இல் இப்படி ஒரு விசா கொண்டுவந்தது, ஆனால் அது இந்திய பாஸ்போர்ட்டுக்குக் கிடையாது. இணையத்தில் ஓடும் பட்டியல்கள் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்காக எழுதியவை. அதைப் பார்த்து நீங்கள் மனதில் ஒரு ஊரை முடிவு செய்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

ஏஜென்டுக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இருக்காது. அதனால்தான் பணம் காட்டித் தருகிறேன் என்கிறார். காட்டித் தருவது என்றால் என்ன? ஒரு வாரத்துக்கு முன் யாரோ போட்ட தொகை, இல்லையென்றால் திருத்திய பேங்க் ஸ்டேட்மென்ட். நான் ஆடிட்டர். மகனை வெளிநாட்டில் படிக்க அனுப்பும் பெற்றோருக்குச் சொத்து மதிப்புச் சான்று கொடுத்தே பாதி வயதைக் கழித்தவன். மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பையன், நல்ல வேலைக்காரன், அவன் அப்பா ஊரில் கடன் வாங்கி 8 லட்சத்தை அவன் கணக்கில் போட்டுவிட்டார். பத்தே நாளில் விண்ணப்பம். பணம் எங்கிருந்து வந்தது என்று காட்ட ஒரு காகிதமும் இல்லை. மறுத்துவிட்டார்கள். அவன் பொய்க் காகிதம் எதையும் வைக்கவில்லை, ஆனாலும் அந்த மறுப்பு அவனை விடவில்லை. இதற்கு முன் விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்வி அநேகமாக எல்லா நாட்டு விண்ணப்பத்திலும் உண்டு, ஒவ்வொரு முறையும் ஆமாம் என்று எழுதி விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. நேர்மையாகப் போனவனுக்கே இந்தப் பாடு என்றால் திருத்திய காகிதத்தோடு போகிறவர் நிலையை யோசித்துப் பாருங்கள். சிக்கிக்கொண்டால் கையெழுத்து உங்களுடையது, ஏஜென்டுடையது இல்லை.

தோழி சொன்ன டூரிஸ்ட் விசா யோசனையும் வேண்டாம். இறங்கும் இடத்தில் எதற்காக வந்தீர்கள் என்று கேட்டால் பொய் சொல்ல வேண்டும். ஐந்து வயதுக் குழந்தையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அந்தப் பதிலைச் சொல்லாதீர்கள். கோலாலம்பூரில் சந்தேகம் வந்தால் உள்ளே விடாமல் அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்புகிறார்கள்.

உங்கள் வருமானத்துக்கு நேரான வழியில் கிடைக்கக்கூடியவை என்று எனக்குத் தெரிவது இரண்டு. ஒன்று மலேசியா. 2022 அக்டோபரில் தொடங்கிய டெ ரந்தாவ் திட்டம். மலேசிய டிஜிட்டல் பொருளாதாரக் கழகம் நடத்துகிறது. தகவல் தொழில்நுட்பம் சார்ந்த வேலை என்றால் வருடம் 24,000 டாலர் வருமானம் போதும். உங்களுக்கு 31,200 வருகிறது. 3 மாதத்திலிருந்து 12 மாதம் வரை பாஸ் தருகிறார்கள், கணவரையும் குழந்தையையும் சேர்க்கலாம். விண்ணப்பம் இணையத்திலேயே. கட்டணம் உங்களுக்கு 1,000 ரிங்கிட், உடன் வருபவர் ஒவ்வொருவருக்கும் 500, வரி தனி. மூன்று பேருக்கும் சேர்த்து 2,000 ரிங்கிட். ஏஜென்ட் கேட்கும் மூன்றரை லட்சத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று மொரீஷியஸ். பிரீமியம் விசா என்று 2020இல் கொண்டுவந்தார்கள். மாதம் 1,500 டாலர், குழந்தைக்குக் கூடுதலாக 500. ஒரு வருடம் இருக்கலாம், விசாக் கட்டணமே இல்லை. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும், தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை விடும் நாடு அது.

இதே போல இணையத்தில் வேலை பார்ப்பவர்களுக்குத் தாய்லாந்து தரும் டிடிவி விசாவும் நல்ல விசாதான். ஐந்து வருடம் செல்லும், ஒரு முறை போனால் 180 நாள் இருக்கலாம். ஆனால் 5 லட்சம் பாட் கணக்கில் இருக்க வேண்டும். நம் பணத்தில் 12 லட்சத்துக்கு மேல். உங்கள் சேமிப்பு பாதிதான் வரும், அதனால் இப்போதைக்கு அதை விட்டுவிடலாம்.

மலேசியாவா மொரீஷியஸா? இதை உங்கள் கடிகாரம் தீர்மானிக்க வேண்டும். கிழக்குக் கரையில் காலை 9 மணி என்றால் கோடையில் நமக்கு மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. அவர்களோடு நான்கு மணி நேரம் சேர்ந்து வேலை பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால் மதுரையில் பத்தரை, பதினொன்றரைக்கு முடிகிறது. மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. அங்கே அதே வேலை அதிகாலை 1 மணிக்கோ 2 மணிக்கோ முடியும். காலையில் குழந்தை எழுந்துவிடும். மொரீஷியஸ் நமக்கு ஒன்றரை மணி நேரம் பிந்தி, அங்கே இரவு ஒன்பது, பத்துக்கெல்லாம் லேப்டாப்பை மூடிவிடலாம். போர்ச்சுகலில் மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கினால் போதும். அந்த ஒரு விஷயத்தில் உங்கள் ஆசை சரியானதுதான்.

இருந்தாலும் நான் மலேசியாவைத்தான் முதலில் சொல்வேன். காரணம் உங்கள் அம்மா. திருச்சி போனால் கோலாலம்பூருக்கு நேர் விமானம், நான்கு மணி நேரம். திருநகரிலிருந்து திருச்சி விமான நிலையம் கார் பயணமாக மூன்று மணி நேரத்துக்குள். அம்மாவுக்கு ஒன்று என்றால் அன்றைக்கே கிளம்பி வீட்டு வாசலுக்கு வந்துவிடலாம். மொரீஷியஸிலிருந்து அது முடியாது. வேலை நேரத்தை இரண்டு மணி நேரம் முன்னால் நகர்த்த உங்கள் அமெரிக்க நிறுவனம் ஒத்துக்கொள்கிறதா என்று கேளுங்கள். ஒத்துக்கொண்டால் மலேசியா. இல்லையென்றால் அம்மாவைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்பதைப் பேசி முடித்துவிட்டு மொரீஷியஸ்.

அந்த நிறுவனத்திடம் இதை மட்டும் கேட்டால் போதாது. வேறு நாட்டில் உட்கார்ந்து வேலை பார்க்க அனுமதிக்கிறோம் என்று எழுத்தில் வாங்குங்கள். வீட்டிலிருந்து வேலை என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அது மதுரை வீட்டைத்தான் குறிக்கும் என்று அவர்கள் வாதாடலாம். சில நிறுவனங்களுக்கு வாடிக்கையாளர் தரவு இன்ன நாட்டைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கும். விசா கிடைத்த பிறகு இது தெரிந்தால் வேலையே போய்விடும். கடிதத்தில் உங்கள் பெயர், வேலை, மாதத் தொகை, ஒப்பந்தம் எதுவரை என்பதெல்லாம் இருக்கட்டும். ஒப்பந்தக் காலம் மூன்று மாதத்துக்கு மேல் மிச்சம் இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் காகிதங்களுக்கு வருகிறேன். நீங்கள் எழுதாத இரண்டு விஷயங்கள் எனக்குக் கவலை தருகின்றன.

ஒன்று, ஜிஎஸ்டி. டாலர் 85 ரூபாய் என்று குறைத்து வைத்தாலே உங்கள் ஆண்டு வரவு 26 லட்சத்தைத் தாண்டுகிறது. 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்தாக வேண்டும். வெளிநாட்டுக்குச் செய்யும் சேவைக்கு வரி இல்லை என்பதால் பதிவும் தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஏற்றுமதியும் அந்த 20 லட்சக் கணக்கில் சேரும். பதிவு செய்து, எல்யூடி என்ற உறுதிப்பத்திரம் கொடுத்துவிட்டால் வரி கட்டாமலேயே பில் போடலாம். இதுவரை செய்யவில்லை என்றால் பயப்படாதீர்கள், ஆனால் இந்த மாதமே உங்கள் ஆடிட்டரைப் பாருங்கள்.

இரண்டு, வருமான வரிக் கணக்கு. உங்களைப் போன்றவர்கள் பெரும்பாலும் 1961 வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில் வரவில் பாதியை வருமானமாகக் காட்டி வந்திருக்கிறார்கள். சட்டம் தரும் வசதி, தப்பே இல்லை. ஆனால் விசா அதிகாரி உங்கள் ரிட்டர்னில் 13 லட்சத்தைப் பார்ப்பார். டாலரில் போட்டால் 15,600. அவர்கள் கேட்பதோ 24,000. விண்ணப்பதாரர் பொய்க் கணக்கு காட்டுகிறார் என்று அவருக்குத் தோன்றும். அதனால் ரிட்டர்னை மட்டும் வைக்காதீர்கள். மொத்த வரவு எவ்வளவு, அதில் பாதி ஏன் வருமானமாகக் காட்டப்பட்டது என்று ஆடிட்டர் சான்று வாங்குங்கள், ஒவ்வொரு சான்றுக்கும் தனியாகத் தரப்படும் யுடிஐஎன் எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணைப் போட்டு யாரும் இணையத்தில் சரிபார்க்கலாம் என்பதால் சான்றுக்கு மதிப்பு கூடும். ஒவ்வொரு மாதத் தொகைக்கும் வெளிநாட்டுப் பண வரவுச் சான்று, நீங்கள் அனுப்பிய இன்வாய்ஸ், பேங்க் ஸ்டேட்மென்ட் மூன்றும் ஒரே தொகையைக் காட்ட வேண்டும். இடையில் கமிஷன் பிடித்திருந்தால் அதையும் காட்டும் ரசீது வேண்டும்.

பெயரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்க்காரர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, பேங்கில் ஓர் எழுத்து, அமெரிக்க ஒப்பந்தத்தில் கணவர் பெயர் பின்னால் ஒட்டி. நமக்கு மூன்றும் ஒரே ஆள் என்று தெரியும். வெளிநாட்டு அதிகாரிக்கு மூன்று ஆள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தைக் காலியாக விட்டவர்கள் நம்மில் நிறைய. ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டை வைத்து விசிட் விசாவில் வருபவர்களை அனுமதிக்க மாட்டோம் என்று அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது பலருக்கு நினைவிருக்கும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே பான், ஆதார், பேங்க், ஒப்பந்தம், இன்வாய்ஸ் எல்லாவற்றிலும் கொண்டுவாருங்கள். ஒப்பந்தத்தில் திருத்துவது சுலபம், ஒரு மின்னஞ்சலில் முடியும். பேங்கில் கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும், அதை முதலில் தொடங்குங்கள். இது முடியாமல் விண்ணப்பத்தைத் திறக்க வேண்டாம்.

இதெல்லாம் முடிய மூன்று நான்கு மாதம் ஆகும், விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். அதனால் வரும் ஜனவரியில் கிளம்பி மே கடைசிக்குள் திரும்பும்படி ஐந்து மாதம் திட்டமிடுங்கள் என்பது என் யோசனை. நிரந்தரமாகப் போவதைப் பற்றி இப்போது பேச வேண்டாம். இந்த ஐந்து மாதத்துக்கு ஓர் ஆடிட்டரின் காரணமும் இருக்கிறது. நமக்கு வரி ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஜனவரி முதல் மே வரை என்றால் மூன்று மாதம் ஒரு வரி ஆண்டிலும் இரண்டு மாதம் அடுத்ததிலும் விழும். இரண்டு ஆண்டிலும் நீங்கள் 182 நாளுக்கு மேல் இந்தியாவில் இருந்திருப்பீர்கள், எனவே இப்போது கட்டுவது போலவே இங்கே வரி கட்டுவீர்கள், எதுவும் குழம்பாது. மலேசியாவில் தங்கி வேலை பார்த்தால் அந்த நாடும் வரி கேட்க இடம் உண்டு. இரண்டு நாட்டுக்கும் இடையே இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. 183 நாளைத் தொடாமல், அங்கே நிலையான அலுவலகம் எதுவும் வைக்காமல் இருந்தால் உங்களைப் போல் தனியாகத் தொழில் செய்பவருக்கு அது பாதுகாப்பு. அதைக் கோர, நீங்கள் இந்தியாவின் வரிவாசி என்ற சான்றை வருமான வரித் துறையிடம் வாங்கிக் கையில் வைத்திருங்கள். ஒரு வருடம், இரண்டு வருடம் என்று தங்கினால் கதையே வேறு: வெளிநாட்டுவாசி ஆகிவிடுவீர்கள், வரவில் பாதியை மட்டும் காட்டும் வசதி கிடைக்காது, சேமிப்புக் கணக்கை வெளிநாட்டுவாசிகளுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும், அப்படியும் மதுரை பேங்கில் நேராக வந்து விழும் பணத்துக்கு இங்கே வரி உண்டு. அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

குழந்தைக்கும் இந்த மாதங்கள் பொருந்தும். யுகேஜியின் கடைசி மூன்று மாதம் போனால் பெரிய நஷ்டமில்லை, ஜூனில் ஒன்றாம் வகுப்புக்கு வந்துவிடுவாள். மலேசியாவில் 500க்கு மேல் தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டு ஆசைப்படுவீர்கள். வெளிநாட்டுக் குழந்தைக்கு அங்கே இடம் கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். ஐந்து மாதம் நீங்களே எழுத்துச் சொல்லிக் கொடுக்கலாம்.

கணவர் அங்கே உடன்வருபவர் பாஸில் வேலை பார்க்க முடியாது. நோட்டுப் புத்தகக் கடைக்கு மே, ஜூன்தான் அறுவடைக் காலம் என்று உங்களுக்குத் தெரியும். அவர் ஜனவரியில் உங்களோடு வந்து வீடு பிடித்துக் குடியமர்த்திவிட்டு, மார்ச் முடிவில் திரும்பிச் சரக்கு எடுக்கட்டும். கடையை மூடுவதோ யார் கையிலாவது முழுசாக ஒப்படைப்பதோ வேண்டாம். உங்கள் ஒப்பந்தம் ஒரு மின்னஞ்சலில் முடிந்துவிடக்கூடியது. அந்தக் கடை அப்படி இல்லை. 6 லட்சத்தில் பாதியை அம்மாவின் மருத்துவச் செலவுக்கென்று தனியாக வைத்துவிட்டு மீதியில் பயணக் கணக்குப் போடுங்கள்.

சித்திரைத் திருவிழா தவறிப்போகும். ஆற்றில் அழகர் இறங்குவதைக் குழந்தைக்கு அந்த வருடம் காட்ட முடியாது, அதை மட்டும் முன்கூட்டியே வீட்டில் பேசிவிடுங்கள். அம்மாவுக்கு அது பெரிய விஷயமாக இருக்கலாம்.

அம்மாவுக்குப் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா போய்வர அனுமதி தந்திருக்கிறார்கள், முன்னதாக இணையத்தில் ஒரு வருகைப் படிவம் நிரப்பினால் போதும்; கிளம்பும் முன் அந்த அனுமதி தொடர்கிறதா என்று மட்டும் பாருங்கள். கணவர் திரும்பிய பிறகு, ஏப்ரலில் ஒரு மாதம் அம்மா உங்களோடு வந்து இருக்கலாம். 60 வயதைத் தாண்டியவருக்குப் புதிய பாஸ்போர்ட்டுக்கான 1,500 ரூபாய்க் கட்டணத்தில் 10 சதவீதம் தள்ளுபடி. மதுரையிலேயே பாஸ்போர்ட் அலுவலகம் இருக்கிறது. குழந்தைக்கு விண்ணப்பிக்கும் அன்றே அம்மாவுக்கும் நேரம் வாங்கி, இரண்டு பேரையும் ஒன்றாக அழைத்துப் போங்கள். அம்மாவின் மாத்திரைச் சீட்டு, ஆதாரில் உள்ள பிறந்த தேதி, இனிஷியல் மூன்றையும் அன்றைக்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.